ஹெரால்டு காரை ரெஸ்டோர் பண்ண கொடுக்கப் போறீங்களா? சாவியை நீட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க

தாத்தா ஓட்டின வண்டி, அப்பா கல்யாணத்துக்கு போன வண்டின்னு ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கற ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர்ல இன்னும் நிறைய வீட்ல இருக்கு. அதை நல்லபடியா ஒரு ஒர்க்‌ஷாப்ல கொடுத்து பழைய மாதிரி கொண்டு வரணும்னு நினைக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். அம்பாசடர், ஃபியட் வச்சிருக்கறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், ஆனா நான் ஹெரால்டை வச்சுத்தான் சொல்லப்போறேன், ஏன்னா அது மெட்ராஸ்லயே செஞ்ச கார். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூர்ல இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரில 1961ல ஆரம்பிச்சு 70கள் தொடக்கம் வரைக்கும் வந்துச்சு, அப்புறம் அதே வண்டியை மாத்தி கெஸல்னு விட்டாங்க. இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டோட டிசைன், அதை வரைஞ்சது மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர். நாலு கதவு வச்ச ஹெரால்டு மட்டும் நம்ம ஊர்ல தவிர வேற எங்கயும் வரல. இந்த ஒரு விஷயம் பின்னாடி பார்ட்ஸ் தேடும்போது உங்களை எப்படி படுத்தும்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. ஒர்க்‌ஷாப்ல கொடுத்துட்டா வேலை அவங்களோடது, நாம காசு கட்டிட்டு கடைசில வந்து சாவி வாங்கிக்கலாம்னு நினைச்சா இந்த பக்கமே வராதீங்க. ரெஸ்டோரேஷன்ல நல்லது கெட்டது எல்லாம் முடிவாகறது பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் எல்லா வண்டியும் ஒரே மாதிரி பளபளன்னுதான் இருக்கும், உள்ள இருக்கறது தகரமா, இல்ல குழியை அடைக்க பூசற பட்டியான்னு ரெண்டு மழைக்காலம் போனாதான் தெரியும். அதனால வண்டி வெறும் தகரமா நிக்கற நேரத்துல ஓனர் அங்க நிக்கணும். நான் சொல்றது எல்லாமே கடைசில இதுலதான் வந்து முடியும்.

வண்டியை தொடறதுக்கு முன்னாடி பேப்பரை தொடுங்க. ஆர்சி யார் பேர்ல இருக்கு, அவங்க இருக்காங்களா, ரினியூவல் எப்ப முடிஞ்சுது, ஆர்சில இருக்கற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டில இருக்கறதும் ஒண்ணுதானா, இதை பாக்காம லட்சக்கணக்குல செலவு பண்றது பெரிய ஆபத்து. தாத்தா பேர்ல இருந்து அவர் காலமாகியிருந்தா வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்களோட சம்மதம் எல்லாம் வச்சு ஃபார்ம் 31ல பேர் மாத்தணும். சித்தப்பா, அத்தை எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறதை வண்டி ஓட்டையா நிக்கும்போதே முடிச்சுடுங்க, ஜொலிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கேட்டா வீட்ல பேச்சு வேற மாதிரி போகும். பிரைவேட் காருக்கு முதல் 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்ம் 25 போட்டு வண்டியை காட்டி ரினியூவல் பண்ணணும், ரொம்ப நாள் விட்டிருந்தா லேட் ஃபீஸ், கிரீன் டாக்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கும், அது எவ்வளவுன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. இன்ஜின் மாத்தின வண்டின்னா அது ஆர்சில ஏறியிருக்கான்னு கட்டாயம் பாருங்க. கலர் மாத்தற ஐடியா இருந்தா அதுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும், ஆர்சில இருக்கற கலரும் வண்டி கலரும் ஒத்துப்போகணும்.

2021 ஜூலைல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி ரூல் கொண்டு வந்துச்சு. முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டின டூவீலர், கார், கமர்ஷியலா ஓட்டாதது, சேஸிஸ் பாடி இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணாதது, இதுக்கெல்லாம் விஏன்னு எழுத்து வச்ச நம்பர் கிடைக்கும். புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், அப்புறம் திரும்ப பண்ண 5,000 ரூபா. ஏற்கனவே நம்பர் இருக்கற வண்டிக்கு பழைய நம்பரையே வச்சுக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா விண்டேஜா பதிவு பண்ணிட்டா ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட இந்த மாதிரி காரணத்துக்குத்தான் ரோட்ல எடுக்கலாம், ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மகாபலிபுரம் போயிட்டு வரலாம்னா முடியாது. ஓட்டணும்னு ஆசைப்படறவங்க சாதாரண ரினியூவல்லயே இருங்கன்னுதான் நான் சொல்லுவேன். எந்த பக்கம் போறதா இருந்தாலும் இன்ஜினை தூக்கிட்டு வேற வண்டி இன்ஜினை வைக்கற யோசனையை இப்பவே விட்டுடுங்க.

இன்னும் வண்டி வாங்கலை, தேடிட்டுத்தான் இருக்கேன்னா ஒரு விஷயம், கடற்கரை ஊர்ல நின்ன வண்டியை விட கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் நின்ன வண்டி தகரம் நல்லா இருக்க வாய்ப்பு அதிகம், உப்புக்காத்துதான் காரணம். சென்னை வண்டின்னா 2015 டிசம்பர் வெள்ளத்துலயோ 2023 மிக்ஜாம்லயோ தண்ணில நின்னுச்சான்னு கேளுங்க, கேட்டா சொல்ல மாட்டாங்க, அதனால சீட்டுக்கு அடில இருக்கற ஸ்பிரிங், டாஷ்போர்டுக்கு பின்னாடி ஒயரிங், கதவு பேடுக்கு உள்பக்கம் இங்க வண்டல் மண் படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. சின்ன காந்தம் ஒண்ணை மெல்லிசு துணில சுத்தி எடுத்துட்டு போய் பாடி முழுக்க ஓட்டிப் பாருங்க, எங்க ஒட்டலையோ அங்க உள்ள பட்டி கனமா இருக்குன்னு அர்த்தம். பளிச்சுன்னு புது பெயிண்ட் அடிச்ச ஹெரால்டை விட பெயிண்ட் உரிஞ்சு நிக்கற முழு ஹெரால்டு எப்பவும் மேல். லைட் ரிங், கதவு கைப்பிடி, மீட்டர், பம்பர், பீடிங் எல்லாம் அப்படியே இருக்கற வண்டியா பாருங்க, இன்ஜின் ஓடாட்டியும் பரவாயில்லை. இன்ஜினை ரெடி பண்ணிடலாம், தொலைஞ்சு போன ஒரு குரோம் ஸ்ட்ரிப்பை தேடி வருஷக்கணக்குல அலையணும்.

அடுத்தது உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்றது. ஓடற கண்டிஷன் போதும், நல்லா இருக்கற இடத்தை தொட வேண்டாம்னா ஒரு செலவு. பாடியை சேஸிஸ்ல இருந்து தூக்கி நட்டு போல்ட் வரைக்கும் கழட்டி செய்யறது இன்னொரு செலவு, அது பல மடங்கு. ரெண்டும் சரிதான், ஆனா நடுவுல மாத்தினா ரெண்டு செலவும் சேர்ந்து வரும். ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் சீட் இன்னும் தாங்கற நிலைமைல இருந்தா அதை அப்படியே விடுங்கன்னு கெஞ்சி கேட்டுக்கறேன், ஃபேக்டரில அடிச்ச பெயிண்டோட இருக்கற ஹெரால்டு இனிமே பொறக்காது, புதுசா பெயிண்ட் அடிச்ச ஹெரால்டு எத்தனை வேணா வரும்.

ஒர்க்‌ஷாப் தேர்ந்தெடுக்கறது. புது கார் ஆக்சிடென்ட் வேலை பாக்கற பெரிய ஷோரூம் இதுக்கு சரிப்படாது, அவங்க பேனலை மாத்தி பழகினவங்க, நமக்கு பேனலை செய்யத் தெரிஞ்ச கை வேணும். பழைய வண்டி வச்சிருக்கறவங்ககிட்ட கேளுங்க, மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி அமைப்புகள் நடத்தற ஷோவுக்கு போய் வண்டியை பாத்து ஓனர்கிட்டயே பேசுங்க, இந்த ஆளுங்க தங்களோட வண்டியை பத்தி கேட்டா மணிக்கணக்கா சொல்லுவாங்க, டிங்கர் யாரு, பெயிண்டர் யாருன்னு கூட சொல்லிடுவாங்க. கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி, வேலை முடிஞ்சு நாலஞ்சு வருஷம் ஆன வண்டி இருக்கா, அதை பாக்கலாமா? நேத்து டெலிவரி ஆனதை பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. கதவோட அடி விளிம்பு, வீல் ஆர்ச், டிக்கி ஓரம் இங்க பெயிண்ட் கொப்புளம் இருக்கான்னு பாருங்க.

ஒர்க்‌ஷாப்புக்கு நேர்ல போகும்போது இன்னொண்ணு கவனிங்க, அங்க எத்தனை வண்டி பாதியில தூசி படிஞ்சு நிக்குது. கழட்டின பார்ட்ஸ் எப்படி வச்சிருக்காங்க, டப்பால பேர் எழுதியா இல்ல மூலையில குவியலாவா. எந்த வேலையை தாங்களே செய்யறாங்க, எதை வெளில கொடுக்கறாங்கன்னு கேளுங்க. லேத் வேலை, குரோம், சீட் வேலை வெளில போறது சகஜம், தப்பில்லை, ஆனா யாருகிட்ட போகுதுன்னு உங்களுக்கு தெரியணும். என் அனுபவத்துல நல்ல ஆளு உடனே ரேட் சொல்ல மாட்டார், "அண்ணே, பெயிண்டை சுரண்டினாதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும், அதுக்கு அப்புறம் சொல்றேன்"னு சொல்றவரை நம்பி போங்க. பாத்த உடனே ஒரே தொகையா மொத்தமா இவ்வளவு, மூணு மாசம்னு சொல்றவர்கிட்ட நிதானமா இருங்க.

பேச்சு முடிஞ்சா எழுத்துல போடுங்க, தெரிஞ்சவரா இருந்தாலும் சரி. எந்த பேனல் மாத்தணும் எது ரிப்பேர், எந்த வகை பெயிண்ட், எத்தனை கோட், இன்ஜின்ல என்னென்ன, பார்ட்ஸ் யார் வாங்கறது, கழட்டின பழைய பார்ட்ஸ் எல்லாம் என்கிட்ட திருப்பி வரணும், இத்துப்போனதா இருந்தாலும் வரணும், இதை எல்லாம் எழுதுங்க. பழைய துண்டு பேனல்தான் புதுசு வெட்டறதுக்கு அளவு, அதை காயலான் கடைல போட்டுட்டா அளவே போச்சு. பணம் கட்டம் கட்டமா கொடுங்க, கழட்டி முடிச்சதும் ஒரு பங்கு, தகர வேலை முடிஞ்சு நீங்க பாத்ததும் ஒரு பங்கு, பெயிண்ட் ஒரு பங்கு, அசெம்பிளி ஒரு பங்கு, ஓட்டி பாத்து திருப்தியானதும் கடைசி பங்கு. முக்கால்வாசி பணம் முன்னாடியே போயிட்டா உங்க வண்டி மூலைக்கு போயிடும். அதே சமயம் வேலை முடிஞ்ச கட்டத்துக்கு பணத்தை இழுத்தடிக்காதீங்க, டிங்கருக்கு வாரக்கூலி கொடுக்க முடியாம போனா அந்த ஆளு வேற இடம் போயிடுவார், நல்ல டிங்கர் கை திரும்ப கிடைக்கறது கஷ்டம். எஸ்டிமேட் 100 ரூபான்னா 140 ரூபா கையில இருந்தா மட்டும் ஆரம்பிங்க, இது பழைய வண்டி எல்லாத்துக்கும் நான் சொல்ற கணக்கு. வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கற காலத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்கான்னு பாருங்க, வெல்டிங் நடக்கற இடம், தீ பயம் உண்டு.

கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ, நிறைய போட்டோ. ஒயர் எந்த பக்கமா போகுது, ரப்பர் எந்த திசைல உக்காந்திருக்கு, வாஷர் எத்தனைன்னு கிட்டக்க எடுங்க. ஹெரால்டுக்கு ஒரு தனி விஷயம் இருக்கு, பாடியும் சேஸிஸும் ஒரே கூடா இருக்கற மோனோகாக் வண்டி மாதிரி இல்லாம தனி சேஸிஸ் மேல பாடியை துண்டு துண்டா போல்ட் போட்டு உக்கார வச்சிருப்பாங்க, முன்னாடி பானெட்டும் மட்கார்டும் ஒரே உருப்படியா முன்பக்கமா கவுந்து திறக்கும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரப்பர் பேடும், உயரத்தை சரிக்கட்ட வைக்கற மெல்லிசு தகடான ஷிம்மும் இருக்கும், அந்த ஷிம் எந்த போல்ட்ல எத்தனைங்கறதுதான் கதவு கேப்பை தீர்மானிக்குது. அதனால கழட்டும்போது ஒவ்வொரு போல்ட் இடத்துல இருந்து வர்ற ஷிம்மையும் தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைக்க சொல்லுங்க, கதவு கேப், பானெட் கேப் எல்லாத்தையும் எம்எம்ல அளந்து குறிச்சுக்கோங்க. இதை செய்யாம தூக்கின பாடி திரும்ப உக்காரும்போது கதவு ஒரு பக்கம் இடிக்கும் ஒரு பக்கம் விரல் போகும், அப்புறம் பெயிண்ட் அடிச்ச கதவை சுத்தியால தட்டுவாங்க. ஃப்ளோர் வெட்டறதுக்கு முன்னாடி கதவு திறப்புல குறுக்கே கம்பியை டாக் வெல்டிங் (அங்கங்க புள்ளியா ஒட்டறது) பண்ணி வைக்கணும், இல்லன்னா பாடி வளைஞ்சுடும்.

சேஸிஸை பொறுத்தவரை நடு பகுதி பொதுவா தாங்கிடும், பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கற அவுட்ரிகர்தான் இத்துப்போகும், அதுலதான் பாடி உக்காருது. டிக்கி ஃப்ளோர், ஸ்பேர் வீல் குழி, கால் வைக்கற இடம், பேட்டரிக்கு கீழ இதெல்லாம் அடுத்து. சேஸிஸை மணல் பிளாஸ்டிங் பண்ணலாம், தாராளமா பண்ணலாம், ஆனா பானெட், ரூஃப், கதவு தோலை மட்டும் அதே பிரஷர்ல மணல் அடிக்க விடாதீங்க, மணல் வந்து அடிக்கற வேகத்துல தகரம் அலை அலையா நெளிஞ்சுடும், அதை எந்த டிங்கராலயும் பழையபடி கொண்டு வர முடியாது. அதுக்கு பெயிண்ட் ரிமூவர் போட்டு கையால எடுக்கறதுதான் நல்லது. பிளாஸ்டிங் முடிஞ்ச அன்னிக்கே எபாக்ஸி பிரைமர் அடிச்சாகணும், சென்னை ஈரக்காத்துல ராத்திரி விட்டா காலைல மஞ்சளா துரு பூத்திருக்கும், அது மேலயே பிரைமர் அடிச்சா உள்ள இருந்து திங்க ஆரம்பிக்கும்.

இத்துப்போன இடத்தை நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புது தகரம் வச்சு விளிம்போட விளிம்பு சேர்த்து வெல்ட் பண்றதுதான் வேலை. ஓட்டை மேல ஒரு துண்டு தகரத்தை ஒட்டு போடறது, ஓட்டைக்குள்ள ஃபைபர் பாய் அடைச்சு மேல பட்டி பூசறது இதெல்லாம் வேலை இல்லை. பட்டியே கூடாதுன்னு சொல்லல, தட்டி முடிச்ச தகரத்துல மெல்லிசா தேய்ச்சு சமப்படுத்த கொஞ்சம் வேணும், ஆனா குழியை நிரப்ப பட்டி போட்டா வண்டி குலுங்கும்போது வெடிக்கும், வெயில்ல விரியும். இதனாலதான் சொல்றேன், தகர வேலை முடிஞ்சு பிரைமர் ஏறறதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல போங்க, வெல்டிங் தழும்பு ஒவ்வொண்ணையும் கையால தடவி பாருங்க, போட்டோ எடுங்க, அந்த போட்டோதான் நாளைக்கு வண்டியை விக்கும்போது உங்க சாட்சி. அதோட பெயிண்டுக்கு முன்னாடி கதவு, பானெட், டிக்கி, பம்பர், லைட், கண்ணாடி எல்லாத்தையும் ஒரு தடவை மாட்டி பாக்க சொல்லுங்க. ரெண்டு வேலைன்னு முனகுவாங்க, பரவாயில்லை, அதுக்கு கூலி தனியா கொடுத்தாவது செய்ய வைங்க. பாக்ஸ் மாதிரி மூடின இடத்துக்குள்ள கடைசில கேவிட்டி வேக்ஸ்ங்கற துரு தடுப்பு மெழுகை அடிக்கணும், இது எஸ்டிமேட்ல பெரும்பாலும் இருக்காது, நீங்க கேட்டு சேர்க்கணும்.

பெயிண்ட். பழைய காலத்து டியூகோ பெயிண்ட் அடிச்சா அந்த மிருதுவான பளபளப்பு வரும், அழகுதான், ஆனா பாலீஷ் போட்டுட்டே இருக்கணும். இப்ப பெரும்பாலும் பியூன்னு சொல்ற பாலியூரித்தேன் பெயிண்ட் அடிக்கறாங்க, நீடிக்கும், கொஞ்சம் அதிகமா மின்னும். ரெண்டுல எதுன்னாலும் சரி, ஒரிஜினல் கலரை கண்டுபிடிச்சு அதையே அடிங்க. டாஷ்போர்டுக்கு அடில, பின் சீட்டுக்கு பின்னாடி, கதவு பேடுக்கு உள்ள இங்கெல்லாம் மேல் பெயிண்ட் படாத துண்டு இடம் இருக்கும், அதை லேசா பாலீஷ் பண்ணி கலர் மேட்ச் பண்ணலாம். ஹெரால்டுக்கு மெட்டாலிக் கலர் வேண்டாம்ங்க, அந்த வளைவுங்க பிளெயின் கலர்லதான் பேசும். ஐப்பசி கார்த்திகை அடைமழைல பூத் இல்லாத ஷெட்ல பெயிண்ட் அடிக்க சம்மதிக்காதீங்க, ஈரம் மாட்டி வெள்ளை பூத்துடும், ஒரு மாசம் தாமதமானா ஆகட்டும்.

இன்ஜின் 948 சிசி, போர் (சிலிண்டர் துளையோட அகலம்) 63 எம்எம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 76 எம்எம், சின்ன எளிமையான இன்ஜின், இதை நல்லா செய்யற லேத் நம்ம ஊர்ல இருக்கு, சென்னையும் கோயம்புத்தூரும் இந்த வேலைக்கு பேர் போன ஊர்தான். பிளாக்கை அளந்து, தேய்ஞ்ச சிலிண்டர் துளையை எந்த ஓவர்சைஸுக்கு பெருசா கடையணும்னு பாத்து பிஸ்டனை கையில வாங்கினதுக்கு அப்புறம்தான் போரிங் போடணும், முதல்ல போர் பண்ணிட்டு பிஸ்டன் தேடக்கூடாது. இந்த குடும்பத்து ட்ரையம்ஃப் இன்ஜின்ல கிராங்க் முன்னும் பின்னும் நகராம பிடிச்சு வைக்கற த்ரஸ்ட் வாஷர் தேய்ஞ்சு கீழ விழுந்துடற வியாதி உண்டு, விழுந்தா கிராங்க்கே பிளாக்கை தின்னுடும். கிளட்ச்சை ஒருத்தர் மிதிக்க முன்னாடி புல்லி முன்னும் பின்னும் நகருதான்னு பாத்தாலே தெரியும், கண்ணுக்கு நல்லா தெரியற மாதிரி நகர்ந்தா ஓட்டறதை நிறுத்தி அதை முதல்ல சரி பண்ணுங்க. ஹெட்டை திறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுக்கு கெட்டியான சீட் ரிங் போட்டுடுங்க, இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு செஞ்சது, 2000க்கு அப்புறம் நாடு முழுக்க அது கிடையாது, ஈயம் இல்லாம ஓட்டினா பழைய சீட் மெதுவா உள்ள போயிடும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம், அது பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாத்தையும் ஊற வச்சு கரைச்சுடும், அதனால டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எத்தனால் தாங்கற ஹோஸ் போட சொல்லி எழுதி வாங்குங்க, இன்ஜின் சூட்டுக்கு பக்கத்துல ஹோஸ் வெடிச்சா வண்டியே எரிஞ்சுடும். ரொம்ப நாள் நிறுத்தி வைக்கறதா இருந்தா பெட்ரோலை வடிச்சுட்டு நிறுத்துங்க, எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க்கை உள்ளயே துரு ஏத்தும்.

இப்ப சொல்லப்போறது ஹெரால்டு வச்சிருக்கற எல்லாரும் மனப்பாடம் பண்ண வேண்டியது. முன் வீலோட கீழ் ஜாயின்ட்ல பித்தளைல ட்ரன்னியன்னு ஒரு உருப்படி இருக்கு, மேல நிக்கற இரும்பு கம்பியோட மரை அதுக்குள்ள திருகியிருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுத்துது. அதுக்கு போட வேண்டியது கிரீஸ் இல்லை, இபி 90 கியர் ஆயில். நம்ம சர்வீஸ் ஸ்டேஷன்ல நிப்பிளை கண்டா கிரீஸ் கன்னை வச்சு அடிச்சுடுவாங்க, கிரீஸ் உள்ள காஞ்சு கெட்டியாகி மரைக்கு எண்ணெயே போகாம அடைச்சுடும், தண்ணி புகுந்து இரும்பு துருப்பிடிச்சு மெலிஞ்சு ஒரு நாள் வளைவுல திரும்பும்போது பட்டுன்னு ஒடைஞ்சு வீல் மடிஞ்சு போயிடும். ரெஸ்டோரேஷன்ல இந்த ரெண்டு செட்டையும் கழட்டி மரையை சுத்தம் பண்ணி துரு குழி இருக்கான்னு பாருங்க, குழி இருந்தா புதுசு போடுங்க, இதுல மிச்சம் பிடிக்காதீங்க. இடது பக்கமும் வலது பக்கமும் மரை எதிரெதிர், மாத்தி வாங்கிடாதீங்க. பின்பக்கம் ரெண்டு வீலுக்கும் பொதுவா குறுக்கே போற ஒரே லீஃப் ஸ்பிரிங்கும், ஒவ்வொரு வீலும் தனியா மேலயும் கீழயும் ஆடற ஸ்விங் ஆக்ஸிலும்தான், வேகமா வளைவுல போய் சட்டுன்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா பின் வீல் உள்பக்கம் மடங்கற குணம் அதுக்கு இருக்கு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தா பட்டறைல சும்மா வளைச்சு உயரத்தை ஏத்திடுவாங்க, உயரம் அதிகமானாலும் இந்த குணம் மோசமாகும், புத்தகத்துல சொன்ன உயரம் வரணும்.

பார்ட்ஸுக்கு வரேன். ட்ரையம்ஃப் ஹெரால்டோட இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக் சாமான்ல பெரும்பகுதி ஸ்பிட்ஃபயர் காருக்கும் பொது, அதனால இங்கிலாந்துல இன்னிக்கும் புதுசா செஞ்சு விக்கறாங்க. ஆர்டர் போட்டா வீட்டுக்கு வரும், ஷிப்பிங்கும் கஸ்டம்ஸ் வரியும் சேர்ந்தா சின்ன பார்ட்டுக்கு பார்ட் விலையை விட அது அதிகமாகலாம், அதனால லிஸ்ட் போட்டு ஒரே தடவையா வரவழைங்க. ஆனா மேல சொன்னேன்ல, நாலு கதவு வண்டி இந்தியால மட்டும்தான், அதோட பின் கதவு, அந்த கண்ணாடி, அந்த பீடிங் எதுவும் வெளிநாட்டுல கிடைக்காது. அதுக்கு இருக்கற வழி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைங்கள்ல பழைய ஸ்டாக் இருக்கான்னு கேக்கறது, புதுப்பேட்டைல சொல்லி வைக்கறது, இல்லன்னா பேப்பர் இல்லாம கிடக்கற இன்னொரு ஹெரால்டை பார்ட்ஸுக்காக வாங்கறது. புதுப்பேட்டைல போட்டோவை மட்டும் காட்டாதீங்க, பழைய உருப்படியையே கையில எடுத்துட்டு போங்க, அங்க இருக்கற பெரியவங்க பேரை வச்சு தேடறதை விட கையில வாங்கி பாத்தா "இது அந்த வண்டில போடற அதேதான்"னு வேற எதுல இருந்தோ எடுத்து கொடுத்துடுவாங்க.

குரோமுக்கு கொடுக்கும்போது ஒவ்வொரு உருப்படியையும் எண்ணி, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி கொடுங்க, பிளேட்டிங் பட்டறைல சின்ன சாமான் தொலையறது ரொம்ப சகஜம். காப்பர், நிக்கல், அப்புறம் குரோம்னு வரிசையா போடறாங்களான்னு கேளுங்க. கைப்பிடி, எழுத்து பேட்ஜ் மாதிரி இரும்பு இல்லாத வார்ப்பு சாமானை தனியா சொல்லுங்க, ஆசிட்ல அதிக நேரம் கிடந்தா கரைஞ்சு போயிடும். ஒயரிங் பழசை ஒட்டு போடாம புது ஹார்னஸ், ஆனா பழைய இங்கிலாந்து வண்டிங்களோட லூகாஸ் கலர் கோடுலயே, பிரவுன் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், கருப்பு எர்த், அப்பதான் பத்து வருஷம் கழிச்சு வேற எலக்ட்ரிஷியன் பாத்தாலும் புரியும். ஃப்யூஸே இல்லாம வந்த ஹெரால்டுங்க உண்டு, கண்ணுக்கு தெரியாத இடத்துல ஒரு ஃப்யூஸ் பாக்ஸ் வச்சுடுங்க, இது ஒண்ணுல ஒரிஜினாலிட்டி பாக்காதீங்க. சீட்டுக்கு பழைய ரெக்சின் மாதிரியே கிடைக்கும், தையல் கோடு எத்தனை, எந்த அகலம்னு பழைய கவரை வச்சே வெட்ட சொல்லுங்க. பிரேக் பைப், சிலிண்டர், ஹோஸ் மொத்தமும் புதுசு, இதை பத்தி பேச்சே கிடையாது.

டெலிவரி எடுக்கற நாள் சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழம் ஏத்தி வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடணும்னு தோணும், ஆனா அதுக்கு முன்னாடி மெக்கானிக்கை பக்கத்துல உக்கார வச்சு ட்ராஃபிக்ல ஒரு தடவை, பைபாஸ்ல ஒரு தடவை, இருட்டினப்புறம் லைட் போட்டு ஒரு தடவை ஓட்டுங்க. டெம்பரேச்சர் எங்க நிக்குது, சூடானதும் ஆயில் பிரஷர் விழுதா, பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா, தண்ணி அடிச்சா கதவு வழியா உள்ள வருதா, எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி கொடுத்து சரி பண்ணின பிறகு கடைசி பங்கு பணம். முதல் 500 கிலோமீட்டர் விரட்டாதீங்க, ஒரே வேகத்துலயும் ரொம்ப நேரம் போகாதீங்க, அது முடிஞ்சதும் ஆயிலும் ஃபில்டரும் மாத்தி ஹெட் போல்ட்டை திரும்ப டார்க் பண்ணி டேப்பட் செட் பண்ணணும், இதை டெலிவரிக்கு அப்புறம் தாங்களே செஞ்சு தரணும்னு அக்ரிமென்ட்லயே போட்டுடுங்க. 20 டபிள்யூ 50 மினரல் ஆயில் போதும், விலை உயர்ந்த சிந்தெடிக் இதுக்கு வேண்டாம், பழைய சீல்ல கசியலாம்.

இன்சூரன்ஸ்காரங்க பழைய வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசில வண்டிக்கு வைக்கற மதிப்பு, ஒண்ணுமே இல்லாத மாதிரி போடுவாங்க, முழு செலவு பில், போட்டோ ஃபைல், வேல்யூயர் சர்டிஃபிகேட் வச்சு ஒத்துக்கிட்ட மதிப்பு இவ்வளவுன்னு பாலிசில எழுத்துல வர்ற மாதிரி கேளுங்க, ஒரு கம்பெனி மறுத்தா அடுத்தது. அப்புறம் வண்டியை பூட்டி வச்சுடாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவையாவது இன்ஜின் முழுசா சூடாகற அளவுக்கு ஓட்டுங்க. கவர் போடறதா இருந்தா காத்து போற துணி கவர், மழைல நனைஞ்ச வண்டி மேல பிளாஸ்டிக் கவர் போடவே போடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ட்ரன்னியன்ல இபி 90 ஊத்துங்க, சர்வீஸுக்கு விடும்போது பக்கத்துல நின்னு, "தம்பி, இங்க கிரீஸ் அடிக்காதே"ன்னு சொல்லி, முடிஞ்சா நிப்பிள் பக்கத்துல ஆயில்னு பெயிண்ட்ல எழுதியே வச்சுடுங்க.